நெடுந்தொலை ஓட்டமும் அளவறிதலும்

முன்பயிற்சி ஏதுமின்றித் துணிவு ஒன்றையே துணையாகக் கொண்டு நெடுந்தொலை ஓட்டத்தில் இறங்கி, இடைவழியில் மயங்கி வீழும் மாணவரை விளையாட்டு விழாக்களில் நாம் கண்டிருக்கிறோம். துணிவு போற்றத்தக்கதே, ஆயினும், அளவறிதலோடு கூடாத துணிவு உயிர்க்கே ஊறு செய்யும். இக்கருத்தை மாரத்தான் ஓட்டத்தின்வழி ஈண்டு ஆராய்வோம்.

மாரத்தானுக்கு இன்று உரிய தொலைவாகிய 42.195 கிலோமீட்டர், 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்றதாகும். அன்று இத்தாலி வீரர் தொராந்தோ பியெத்ரி முதல்வராய் அரங்கினுள் நுழைந்தார். ஆனால், திசை தடுமாறிப் பன்முறை வீழ்ந்தார். அலுவலர் தாங்கி எல்லை கடக்கச் செய்தமையால் அவர்தம் வெற்றி செல்லாதாயிற்று. எல்லையருகிலும் உடல் தன் கணக்கைக் கேட்கும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

அக்கணக்கிற்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம்? முதற்படி மருத்துவ ஆய்வு. குடும்பத்தில் இளவயதில் இதயநோயால் இறந்தார் இருப்பின், அதனை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். ஓரளவு ஓடிப் பழகியவர்க்கும் ஏறத்தாழ நான்கு திங்கள் பயிற்சி தேவை. தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாளேனும் முழு ஓய்வு எனக் கொள்ளலாம். இறுதி இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்தல் நன்று. போட்டி நாளில் புதிய காலணியும் பழகாத உணவும் ஆகா.

நீரருந்துவதிலும் அளவு உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் குருதியை ஆராய்ந்தபோது, 13 விழுக்காட்டினரிடம் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தினிடையே எடை கூடுமளவு நீர் பருகியோரிடமே இக்குறை மிகுதியாகக் காணப்பெற்றது. இந்நிலை முற்றினால் மூளை வீங்கி உயிர்க்கு இறுதி நேரலாம். எனவே, தாகத்திற்கேற்பப் பருகுதலே தக்கது.

வெயிலில் ஓடுபவர் பிதற்றினாலோ தள்ளாடினாலோ அதனைக் களைப்பென எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உடனே நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரால் உடல் முழுதும் நனைத்து, மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். நினைவிழந்தார் வாயில் நீர் ஊற்றலாகாது. நெஞ்சுவலி தோன்றின் அக்கணமே ஓட்டத்தை நிறுத்துக.

மாணவச் செல்வங்களே! இடையில் நிற்பவரை எள்ளி நகையாடும் வழக்கத்தை நாம் ஒழித்தல் வேண்டும். அந்நகைப்புக்கு அஞ்சியே பலர் உடல் தரும் எச்சரிக்கையைப் புறக்கணிக்கின்றனர். விட்ட ஓட்டத்தை மற்றோர் ஆண்டு ஓடலாம். போன உயிர் மீளாது. உரிய இடத்தில் நிற்கத் தெரிதலும் ஓட்டப் பயிற்சியின் ஒரு கூறே என நாம் தெளிவோமாக.