கல்லில் நின்ற பெயர்கள்

இறந்தோர்க்குக் கல் நடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அதேபோன்று, கடல்கடந்து வந்து இம்மண்ணில் உயிர்நீத்த யூதர்களுக்கும் கற்கள் உண்டு. அவை எபிரேய மொழியில் பொறிக்கப்பட்டவை; பல, இருந்த இடம் தெரியாமல் மறைந்தன.

கேரளத்தின் சேந்தமங்கலத்தில் பழைய யூதத் தொழுகைக் கூடத்தின் முன் ஒரு கல் நிற்கிறது. இசுரவேலின் மகள் சாராள் என்பவளுக்குரியது அது. அவளைப் பற்றி நாம் அறிவது தந்தையின் பெயரும் இறந்த காலமுமே. அதில் காணும் ஆண்டு 1581. அலெக்சாந்தருக்குப் பின் மேலை ஆசியாவை ஆண்ட செலூக்கசின் பெயரால் வழங்கிய ஆண்டுமுறை அது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டுவதுபோல், இதிலிருந்து 312ஐக் கழித்தால் கி.பி. 1269 கிடைக்கும். இவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், சனவரி முதலான மாதங்களுக்கு 311ஐக் கழிக்க வேண்டும்.

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. இருபத்திரண்டு எழுத்துகளைக் கொண்டது. பண்டைத் தமிழ் எண்குறிகளைப் போலவே அங்கும் எழுத்துகளே எண்களாகின்றன. இடர்ப்பாடும் இங்கேதான் தோன்றுகிறது. ‘தாலெத்’ என்னும் எழுத்தின் மதிப்பு 4. ‘ரேஷ்’ என்பதன் மதிப்பு 200. இரண்டிற்கும் வடிவ வேறுபாடு மேல்மூலையிலுள்ள சிறு கூர்மை மட்டுமே. மழையில் அம்மூலை தேய்ந்தால், படிப்பவர் 196 ஆண்டுகள் பிழைபட நேரிடும்! உயிர்க்குறிகள் பெரும்பாலும் பொறிக்கப்படாமையால் பெயர்களையும் பலவாறு படிக்க இயலும். புள்ளியில்லாத பழங்கல்வெட்டுகளைப் படித்தவர் இவ்விடரை நன்கறிவர்.

எனவே, படிப்பதற்கு முன் பதிவு செய்தல் வேண்டும். கருங்கல்லாயின் தூரிகையாலும் நீராலும் தூய்மை செய்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டி எழுத்துப் பள்ளங்களில் படியச் செய்து, மேலே மை ஒற்றுவர். இதுவே மைப்படி. பொரிந்து உதிரும் கல்லைத் தொடாமல், சாய்ந்த ஒளியில் நிழற்படம் எடுப்பதே நன்று. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணம் பூசுவது பெருங்கேடு. பூசியவர் கருதிய எழுத்தே பின்வருவோர் கண்ணுக்கும் தெரியும்.

சென்னையின் நிலை இன்னும் சிக்கலானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலிருந்தும் ஆம்சுடர்டாமிலிருந்தும் போர்த்துகீசிய வழிவந்த யூத வணிகர் இங்கு வந்தனர். பவளத்தைக் கொணர்ந்து கோல்கொண்டா வைரத்தைக் கொண்டுசென்றனர். பவளக்காரத் தெரு என்னும் பெயர் அவ்வணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அவர்களுள் ஒருவரான ஷாக் த பைவா 1687இல் இறந்தார். பெத்தநாயக்கன்பேட்டையில் அமைந்த அவர்தம் இடுகாட்டுக் கற்கள் 1979இல் காசிமேட்டிற்கும், 1983இல் இலாயிட்ஸ் சாலைக்கும் பெயர்க்கப்பட்டன. நகரம் வளர்கையில் கற்கள் நகர்வது இயல்பே என்பர் சிலர். ஆயினும் பெயர்ந்த கல், அருகில் எவர் அடங்கினர், தலை எத்திசை நோக்கியது என்பவற்றைச் சொல்ல இயலாது.

ஆதலின் இத்தகைய கல்லைப் பதிவு செய்வோர், அது இன்று நிற்கும் இடத்தை மட்டும் குறித்தல் போதாது. முன்பு நின்ற இடம், பெயர்த்த ஆண்டு, உடைந்த பகுதியின் அளவு ஆகியவற்றையும் மைப்படியின் ஓரத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.