அடிமை முறையை ஒழித்த சட்டங்கள்



அடிமைத்தனத்தை ஒழித்தவர் யார் என்று கேட்டால் நாம எல்லோரும் ஆபிரகாம் லிங்கன் என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். "அது அமெரிக்கா. நம்ம நாட்டில்?" என்று சமூக அறிவியல் டீச்சர் கேட்டாங்க. வகுப்பே கப்சிப். அதனால் தேடிப் படித்து எழுதுகிறேன்.

இங்கிலாந்து 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விட்டுவிட்டது. நமக்கு 1843-ல்தான் சட்டம் வந்தது. அதுவும் "எல்லோருக்கும் விடுதலை" என்று சொல்லவில்லை. 'இவன் என் அடிமை' என்று யாராவது வழக்குப் போட்டால் கோர்ட் ஏற்கக் கூடாது, வரி பாக்கிக்காக அடிமையை விற்கக் கூடாது, அடிமையை அடித்தாலும் மற்றவரை அடித்த அதே குற்றம். அவ்வளவுதான். ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். அது 1862-ல் அமலானது.

அமெரிக்காவின் வடக்கிலும் மெதுவாகத்தான் நடந்தது. பென்சில்வேனியாவில் 1780-ல் வந்த சட்டப்படி, அதன்பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகூட 28 வயது வரை உழைக்கணும். எனக்கு இப்போ 14. இன்னும் அத்தனை வருஷம்!

நம்ம காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமில்லாமல், கடனுக்காகப் பண்ணையில் படியாளாகக் கிடப்பதைக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் அறிக்கையாக எழுதினார். 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசு உத்தரவிட்டது. அதுதான் பஞ்சமி நிலம்.

கடனுக்கு ஆளைக் கட்டிப்போடுவதைத் தடுத்தது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. அந்தக் கடன் செல்லாது, வசூலித்தாலே குற்றம்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா 1994-ல் நாலாம் வகுப்போடு நின்று தறிக்குப் போனவங்க. கோர்வைச் சேலைக்கு நெய்பவர் பக்கத்தில் கரை நாடா தள்ள ஒரு ஆள் வேணும். தாத்தா வாங்கிய முன்பணத்துக்காக அம்மா அங்கே உட்கார்ந்தாங்க. கூலியில் பிடிக்கப் பிடிக்க, பொங்கலுக்கு மறுபடி வாங்கி, கடன் அப்படியே நிற்குமாம்.

"1976-லயே செல்லாதுன்னு சொல்லியாச்சா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாங்க. அப்புறம், "தாத்தாகிட்ட இதைப் படிச்சுக் காட்டாதே" என்றாங்க.