வேகமாகப் போடும் பையனுக்கு எந்த ஆக்‌ஷன்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் அதுதான் மைதானம். அங்கே டென்னிஸ் பந்தில் வேகம் காட்டும் பையன்களில் சிலர் முழங்கையை மடக்கி எறிகிறார்கள். "மாங்கா அடிக்கிறான்" என்று எதிரணி கத்தும். விக்கெட் விழுகிறவரை சொந்த அணி கண்டுகொள்ளாது. உங்கள் பிள்ளையும் அப்படி என்றால், லெதர் பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஆக்‌ஷனைப் பாருங்கள்.

எறிவதா, கையைச் சுழற்றிப் போடுவதா என்பதுதான் முதல் கேள்வி. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்கிறது ஐசிசி விதி. எனக்கு விதியைவிட அந்தக் கைதான் பெரிது. மடங்கிய கையைச் சாட்டைபோல் வீசும்போது முழங்கையின் உட்பக்க நார் இழுபடுகிறது. எறிவதே தொழிலான பேஸ்பாலில், 1974இல் டாமி ஜான் என்ற வீரருக்கு அந்த நார் அறுந்தது. மறுகையிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தினார் டாக்டர் ஃபிராங்க் ஜோப். அந்த அறுவைக்கே இன்று டாமி ஜான் பெயர்தான். வளரும் பிள்ளைக்கோ நாருக்கு முன்பே எலும்பின் வளரும் பகுதி பிய்ந்துகொள்ளும்.

ஆக்‌ஷனை மாற்ற முடியும். சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பந்திலிருந்து வந்தவர்தான். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானதும் அவர் ஆக்‌ஷன்மீது சந்தேகம் எழுந்தது. பொறுமையாகத் திருத்திக்கொண்டு 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார்.

அடுத்தது சைட்-ஆனா, ஃபிரன்ட்-ஆனா என்பது. பின்னங்கால் கிரீஸுக்கு இணையாக விழுந்து, தோள் பேட்ஸ்மேனை நோக்கினால் சைட்-ஆன். பாதமும் நெஞ்சும் பேட்ஸ்மேனைப் பார்த்தால் ஃபிரன்ட்-ஆன். இரண்டில் எது தானாக வருகிறதோ அதுவே நல்லது. டிவியில் பார்த்தவரைப்போல் போடச் சொல்லாதீர்கள். பயப்பட வேண்டியது மிக்ஸ்டு ஆக்‌ஷனுக்கு. இடுப்பு முன்னோக்கி நிற்க, தோள் மட்டும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். முன்னங்கால் ஊன்றும் அதிர்ச்சியோடு இந்த முறுக்கும் சேர்ந்து கீழ்முதுகு எலும்பில் கீறல் விடும். 1973இல் முதுகெலும்பு முறிவால் முடங்கிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, ஆக்‌ஷனை மாற்றித்தான் மீண்டார். 1987இல் சென்னையில் தொடங்கிய எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷனில் பயிற்சி தந்ததும் அவரே. செல்போனில் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். முறுக்கு கண்ணுக்கே தெரியும்.

ஸ்பின்னுக்கு மாறினால் முதுகுச் சுமை குறையும். ஆனால் வேகத்தில் மனம் வைத்த பையனை வலி வராமலே அங்கே தள்ள வேண்டாம்.

எந்த ஆக்‌ஷனானாலும் பந்துகளை எண்ணுங்கள். இங்கிலாந்து வாரியம் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு வைத்த வரம்பு ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், நாளுக்கு 10. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் காலையிலிருந்து மாலைவரை போடும் பையனுக்கு இந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை. பவுண்டரியிலிருந்து எறியும் த்ரோவும் அதே கைதான்.

பின்னால் வளையும்போது முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ, முழங்கையின் உட்புறம் தொட்டால் வலித்தாலோ, தைலம் தேய்த்து அடுத்த மேட்சுக்கு அனுப்பாதீர்கள். எலும்பு டாக்டரிடம் போங்கள். தொடக்கக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.