மூன்று மணி நேரக் கணக்கும் மறுநாள் காலையும்

லட்சத்தீவின் அகத்தியும் அந்தமானின் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 2,240 கிலோமீட்டர். தூரம் காட்டும் இணையதளங்கள் இதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று சொல்லிவிடும். வேலை நிமித்தம் இரண்டு தீவுக்கூட்டங்களுக்கும் போய்வருகிறவன் சொல்கிறேன்: அந்த எண்ணை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நேரடி விமானம் கிடையாது. நான் கொச்சி, சென்னை என்று மாறித்தான் போகிறேன். வேடிக்கை என்னவென்றால், இப்படிப் போனாலும் தூரம் அதிகம் கூடுவதில்லை. அகத்தி–கொச்சி 465, கொச்சி–சென்னை 520, சென்னை–போர்ட் பிளேர் 1,370. ஆக மொத்தம் 2,355 கிலோமீட்டர்தான். ஆனால் மதியம் அகத்தியில் ஏறினால் போர்ட் பிளேர் போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிடும்.

முதல் காரணம் அகத்தியின் ஓடுபாதை. நீளம் சுமார் 1,200 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானங்கள்தான் வரும். இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் கடல் தெரியும். சக்கரம் தரையைத் தொட்டதும் போடுகிற பிரேக்கில் கை தானாக முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். கிளம்பும்போது எடை விஷயத்தில் தயவு தாட்சண்யமே கிடையாது. ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவர், தராசிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்து, மாசிக் கருவாட்டுப் பொட்டலங்களைத் தோள்பைக்கும் பேன்ட் பைகளுக்குமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசனை கொச்சிவரை எங்களோடு வந்தது.

வானில் இருப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் விமானங்கள் பெரும்பாலும் விடிகாலைக்கும் மதியத்துக்கும் இடையில் கிளம்பிவிடும். அதனால் சென்னையில் ஓர் இரவு தங்குவதைக் கணக்கில் வைத்தே ஆகவேண்டும். மழைக்காலமென்றால் கொச்சியிலும் ஒரு நாளைக் கையிருப்பாக வைப்பேன். மூன்று டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் நஷ்டம் நம்முடையது.

விடிகாலை விமானத்தையே பிடிக்கச் சொல்வேன். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், போர்ட் பிளேரில் சூரியன் அகத்தியைவிட 80 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். மதியத்துக்கு மேல் போய் இறங்கினால் அன்றைக்கு வெளிவேலை எதுவும் ஆகாது.

எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தமானின் பொதுவான இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை, லட்சத்தீவுக்கு வேண்டும். நுழைவு அனுமதி கைக்கு வந்தபிறகு முதலில் அகத்தி டிக்கெட்டை எடுங்கள், மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி போட்டுக்கொள்ளுங்கள்.