முகவாதமும் கவனப் பயிற்சியும்

கேள்வி: முகவாதம் வந்து மாதங்களாகியும் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பாதவர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் கவனப் பயிற்சி பயன்படுமா? கண்ணையே மூட முடியாதவர் எப்படித் தியானத்தில் உட்காருவது?

பதில்: முகத்தை அசைப்பது ஏழாவது கபால நரம்பு. முகத்தோலின் தொடுவுணர்வைக் கொண்டுசெல்வது ஐந்தாவது நரம்பு. பெல்ஸ் பால்ஸி எனப்படும் முகவாதத்தில் பழுதாவது ஏழாவது நரம்புதான். கன்னம் மரத்ததுபோல் கனக்கலாம். ஆனாலும் வெதுவெதுப்பான துணியை ஒற்றினால் அங்கே சூடு தெரியும், விரல் பட்டால் பட்டது தெரியும். அசைவு போன பக்கத்திலும் உணர்வு மிச்சமிருப்பதால்தான் இந்தப் பயிற்சிக்கு அங்கே இடமிருக்கிறது.

ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய 8 வாரக் கவனப் பயிற்சியே இன்று பலரும் பின்பற்றும் மாதிரி. அது நரம்பை வளர்க்காது. அறுந்த நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் தன் போக்கில்தான் வளரும். முகவாதம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவதும், திறந்தே இருக்கும் கண்ணைச் சொட்டுமருந்தாலும் இரவில் டேப்பாலும் காப்பதும் மருத்துவம். எந்தத் தியானமும் அதற்கு ஈடாகாது. 3 மாதமாகியும் முகம் முழுதாகத் திரும்பாவிட்டால் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

வழக்கமான தியானக் குறிப்புகள் சில இவர்களுக்குப் பொருந்தாது. ‘கண்களை மூடி, மெல்லப் புன்னகையுங்கள்’ என்று ஒலிப்பதிவுக் குரல் சொன்னதுமே மனம் சுருங்கிவிடும். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்றில்லை. நாலடி தள்ளித் தரையில் பார்வையைத் தாழ்த்தினால் போதும். மூட விரும்பினால் முதலில் கீழே பார்த்து, பிறகு விரல் நுனியால் மேலிமையை மெல்ல இறக்கிவிடலாம். நெடுநேரம் உட்காருவதற்கு முன் சொட்டுமருந்து விட்டுக்கொள்வது நல்லது. மூச்சை மூக்கு நுனியில் கவனிப்பதும் சிலருக்குச் சிரமம். வாதம் வந்த பக்கத்து மூக்குத் துவாரம் மூச்சை இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். அவர்கள் வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிக்கலாம். உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும்போது பாதத்தில் தொடங்கி, முகத்தைக் கடைசியில் தொடுவதே இதமானது.

கேள்வி: பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்கிறார்களே, அதற்கும் கவனத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: நரம்பு மறுபடி வளரும்போது இழைகள் தடம் மாறி வேறு தசையில் போய்ச் சேர்வதுண்டு. அப்போது சிரித்தால் கண் சுருங்கும், கண் சிமிட்டினால் வாயோரம் இழுக்கும். இதற்கு சின்கைனீசிஸ் என்று பெயர். பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தே தலைகாட்டும். இந்தக் கட்டத்தில் பலம் கொடுத்து ஊதுவதும் மெல்லுவதும் அந்தத் தவறான இணைப்பையே பழக்கும். வேண்டியது பலமல்ல, நுட்பம்.

முகத் தசைகளுக்கான மறுபயிற்சியில் கண்ணாடி முன் உட்கார்ந்து வாயோரத்தை ஓரிரு மி.மீ. மட்டும், மிக மெதுவாக நகர்த்தச் சொல்வார்கள். கண் சுருங்கத் தொடங்கும் அந்த நொடியைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் நிறுத்தி, முகத்தைத் தளரவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பதற்றமின்றி ஐந்து நிமிடம் செய்ய முடிகிற மனநிலையைத்தான் கவனப் பயிற்சி தருகிறது. கண்ணாடியைக் கண்டாலே கலங்குகிறவர்கள் முதலில் கன்னத்தில் விரல்களை வைத்து, அசைவைத் தொட்டறிந்தே பழகலாம். நல்ல பக்கத்தையும் மறக்கக்கூடாது. இரு பக்க வேலையையும் அதுவே செய்வதால் பகல் முழுக்க இறுகிக்கிடக்கும்; அந்த இறுக்கத்தை உணர்ந்து தளர்த்துவதே பலருக்கு முதல் ஆறுதல்.

கேள்வி: பிறர் பார்வையை எப்படி எதிர்கொள்வது?

பதில்: டீ குடிக்கும்போது உதட்டோரம் ஒரு துளி வழிகிறது; எதிரில் இருப்பவர் பார்த்துவிடுகிறார். காது சூடாகிறது, தோள் ஏறுகிறது, கை வாயை மறைக்கப் போகிறது, ‘இனி வெளியே வரக்கூடாது’ என்ற நினைப்பு எழுகிறது. இவை ஒன்றையொன்று தொடர்வதைப் பார்க்கப் பழகியவர் ஏறிய தோளை இறக்கி, துளியைத் துடைத்துவிட்டு, பேச்சைத் தொடர்கிறார். வெட்கம் உடனே மறைந்துவிடாது, மறையவேண்டிய கட்டாயமுமில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமின்மை, யாரையும் பார்க்கப் பிடிக்காமை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் என்று நீண்டால் தனியே பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும்.