மொய் திரும்ப வராத விருந்து: நெப்ராஸ்கா உழவர்களிடம் ஒரு பாடம்



போன மாதம் எங்கள் ஒன்றியக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, புற்றுநோய் ஆராய்ச்சின்னு கோடிக்கணக்குல செலவு பண்றாங்களே, எதுக்கு? வயல்ல அடிக்கிற நஞ்சுதான் காரணம்னு நமக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. பதினைந்து வருடமாக மேடைக்கு மேடை இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

ஏன் தட்டவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் என் அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. என்னிடம்தான் முதலில் சொன்னது. "நஞ்சில்லாத சோறு சாப்பிடுற உடம்புக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. இரண்டு வருடம் வைத்தியம் பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை. கடைசிவரை அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கனக்கிறது.

அதற்குப் பிறகுதான் மற்ற நாட்டு உழவர்கள் இந்த நோயை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது கண்ணில் பட்டது நெப்ராஸ்கா.

மாடு அதிகம், மனிதர் குறைவு

நெப்ராஸ்கா அமெரிக்காவின் நடுவில் இருக்கும் மாநிலம். மக்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். மாடுகளோ 60 லட்சத்துக்கு மேல். கிழக்கே மக்காச்சோளமும் சோயாவும், மேற்கே மணல்மேட்டு மேய்ச்சல் நிலமும். பெரிய புற்றுநோய் மையம் கிழக்கு எல்லையில், ஒமாஹா நகரத்தில் இருக்கிறது. மேற்கு ஓரத்து உழவர் அங்கே போக 650 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநிலத்தில் 1998 முதல் 'கேட்டில்மென்ஸ் பால்' என்ற நிதி விருந்து நடக்கிறது. மாடு வளர்ப்போர் விருந்து என்று சொல்லலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பண்ணைக் குடும்பம், "இந்தத் தடவை எங்க நிலத்துல நடத்துறோம்" என்று பொறுப்பை ஏற்கும். நட்சத்திர ஓட்டல் கிடையாது. மேய்ச்சல் நிலத்திலேயே கூடாரம் போடுகிறார்கள். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சம்பளம் வாங்காமல் வந்து, சமையல், வண்டி நிறுத்தம், குப்பை, தண்ணீர் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். விருந்து, ஏலம், பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் நல்ல உடை உடுத்தி மேடையில் நடந்து வருவதும் உண்டு. அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம்ம ஊரில் இந்த நோயின் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். 'அந்த வியாதி' என்பார்கள்.

திரளும் தொகையை அவர்கள் பிரிக்கும் கணக்கைக் கவனியுங்கள். 100 ரூபாய் என்றால் 90 ரூபாய் ஒமாஹா மையத்தின் ஆராய்ச்சிக்குப் போகிறது. 10 ரூபாய் விருந்து நடந்த வட்டாரத்தின் மருத்துவத் தேவைக்கு அங்கேயே நிற்கிறது. "எங்க ஊர்க் காசு எல்லாம் பட்டணத்துக்குப் போயிருச்சு" என்று யாரும் சொல்ல முடியாது.

நமக்கு இது புதிதல்ல

எங்கள் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். பணம் தேவைப்படுகிற குடும்பம் பந்தல் போட்டு விருந்து வைக்கும். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. எழுதியவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த நோட்டை நிலப் பத்திரம் மாதிரி டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவோம்.

நெப்ராஸ்காக்காரர்கள் செய்வதும் ஒரு வகை மொய் விருந்துதான். ஒரே வித்தியாசம், அந்த மொய் எழுதியவர் வீட்டுக்குத் திரும்பி வராது. பத்து, இருபது வருடம் கழித்து முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு மருந்தாகப் போய்ச் சேரும்.

ஆராய்ச்சி எதற்கு?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

இந்த விருந்து தொடங்குவதற்கு முன்பே, 1990-இல், கிழக்கு நெப்ராஸ்கா உழவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒமாஹாவில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மருத்துவரும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தாரும் சேர்ந்து செய்தது. நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்துக்கொண்டு, என்ன மருந்து அடித்தீர்கள், வருடத்துக்கு எத்தனை நாள் அடித்தீர்கள் என்று கேட்டார்கள். 2,4-டி களைக்கொல்லியைக் கலந்து அடித்த ஆண்களிடம் நோய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காணப்பட்டது. வருடத்தில் 20 நாளுக்கு மேல் அடித்தவர்களிடம் மூன்று மடங்கு. இந்த 2,4-டி நம்ம ஊர் மருந்துக் கடையிலும் கிடைப்பதுதான்.

"பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று எழுந்துவிடாதீர்கள். இன்னொரு ஆய்வும் இருக்கிறது. 1993-இல் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் வேளாண் நலவாழ்வு ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். உழவர்கள், அவர்களின் துணைவர்கள், கூலிக்கு மருந்தடிப்பவர்கள் என்று ஏறக்குறைய 89,000 பேர் சேர்ந்தார்கள். அதில் தெரிந்தது என்ன? மொத்தத்தில் உழவர்களுக்குப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவு. புகைப்பது குறைவு, உடலுழைப்பு அதிகம் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில. ஆனால் விந்துச்சுரப்பிப் புற்றுநோய் போன்ற சில வகைகள் மட்டும் அதிகம்.

கிளைபோசேட்டுக்கு வருவோம். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. இதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஆனால் மேலே சொன்ன 89,000 பேர் ஆய்வு 2018-இல் வெளியிட்ட முடிவில், கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்று இருக்கிறது. இதை நாம் எந்த மேடையிலும் சொல்வதில்லை.

நஞ்சு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. என் நிலத்தில் அது இனி நுழையாது. மண்ணுக்கும் மீனுக்கும் தேனீக்கும் அது செய்கிற கேடு போதாதா? ஆனால் எந்த மருந்து, எந்த உறுப்பில், எவ்வளவு பட்டால் என்ன செய்கிறது என்பது ஒற்றை வரியில் முடிகிற விஷயம் இல்லை. அதற்குத்தான் ஆராய்ச்சி. 'எல்லாம் தெரியும்' என்று நினைத்ததால்தான் நான் எட்டு மாதத்தைத் தொலைத்தேன்.

மொய் எழுதியவர் பதிலை எழுதக் கூடாது

நெப்ராஸ்கா விருந்தில் ஒரு முரண் இருக்கிறது. அங்கே இலையின் நடுவில் இருப்பது மாட்டிறைச்சி. மாட்டிறைச்சியின் பெருமையைச் சொல்வதும் அந்த விருந்தின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பிறைச்சியைக் கிளைபோசேட் இருக்கும் அதே 2ஏ பிரிவிலும் வைத்தது. தான் வளர்க்கிற மாட்டைப் பற்றிக் கசப்பான பதில் வரக்கூடிய துறைக்கே அந்த உழவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நாமும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். "இயற்கை விவசாயம்தான் தீர்வுன்னு எழுதினாத்தான் காசு" என்று சொன்னால், நமக்கும் மருந்துக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

நம் மண்ணில் நடந்த ஆய்வு

கிராமத்து மக்கள் சேர்ந்தால் ஆராய்ச்சி என்ன செய்யும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 2000 முதல் 2006 வரை, அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையின் துணையோடு கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று அங்கே நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடி போன்றதைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனைதான். 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த பகுதிகளில் அந்த நோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல் களத்துமேட்டில் நிற்கிறவர்கள்தான்.

அதற்கும் முன்னால், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கையோடு தொடங்கியதும் ஊர் ஊராகத் திரட்டிய நன்கொடையில்தான்.

நாம் செய்வதானால்

எங்கள் ஒன்றியத்தில் வரும் ஆடியில் ஒரு மொய் விருந்து வைக்கலாம் என்று பேசிவருகிறோம். இதுவரை ஒத்துக்கொண்டவை இவை:

1. வருடம் ஒரு குடும்பம் தலைமை ஏற்கும். இடமும் மாறும். ஒரே ஆள் தலையில் விழாது. ஒரே ஆள் பெயரும் பெரிதாகாது.

2. பங்கு முதலிலேயே முடிவாக வேண்டும். 90-க்கு 10 என்றால் பந்தலிலேயே எழுதிப் போடுவோம். சமையல் பொருள் எல்லாம் நம் வயலிலிருந்தே வரும். மொய்ப் பணத்திலிருந்து செலவு எடுக்கக் கூடாது.

3. மொய் நோட்டை மறுவாரம் ஊர்ப் பொதுவில் வைத்து, கடைசி ரூபாய்வரை உரக்கப் படிப்போம்.

4. நோயிலிருந்து மீண்டவர்கள் விருப்பப்பட்டால் அவர்களுக்கே முதல் மரியாதை, முதல் பந்தி.

5. அன்று அந்தப் பந்தலில் யாரும் புற்றுநோய்க்கு மருந்து, பொடி, கஷாயம் என்று விற்கவோ சொல்லவோ கூடாது. "கட்டி இருந்தா டாக்டர்ட்ட காட்டு" என்பது மட்டும்தான் பேச்சு.

6. ஆராய்ச்சியின் முடிவு எப்படி வந்தாலும் ஏற்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்போம்.

காசு இல்லாதவர்களும் ஒன்று தரலாம். இயற்கைக்கு மாறுவதற்கு முன் எந்த வருடம், எந்தப் பயிருக்கு, என்ன மருந்து, எத்தனை நாள் அடித்தோம், முகத்தில் துண்டு கட்டினோமா என்பதை நினைவிருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதுங்கள். நெப்ராஸ்காவில் ஆய்வாளர்கள் கேட்டது இந்தக் கணக்கைத்தான். நம்மிடம் அது இல்லை. அப்பா தலைமுறையோடு போய்விடும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்: நம் ஊரில் கடந்த பத்து வருடத்தில் எத்தனை பேருக்கு இந்த நோய் வந்தது, யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? கிட்டத்தில் பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியுமா? நாம் நம்புவதற்கு மாறான பதில் வந்தால் அதைக் கேட்க நமக்கு மனசு இருக்கிறதா?

விருந்துக்கு நாள் குறிக்கவில்லை. நோட்டு மட்டும் வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில், முதல் வரியில், அக்கா பெயரில் 5,000 ரூபாய் எழுதியிருக்கிறேன்.