கடைக்கு வெப்சைட்: எதில் கட்டுவது?

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை வந்தால் வறுத்த முந்திரி வாசம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். கொட்டையைச் சட்டியில் போட்டு வறுத்து, கருகிய ஓட்டைத் தட்டி உடைத்து, பருப்பைக் கையாலேயே பிரித்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்து மரங்களைச் சாய்த்த பிறகும் தொழில் நின்றுவிடவில்லை. இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதலில் கேட்பது, “வெப்சைட்டை எதில் பண்ணலாம், வேர்ட்பிரஸ்ஸா, ஷாப்பிஃபையா?” என்பதைத்தான்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தளத்தில் இருக்கும் விவரம் எவ்வளவு அடிக்கடி மாறும்? அதை மாற்றப்போவது யார்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் தொழில்நுட்பம் பாதி முடிவான மாதிரிதான்.

கீரமங்கலம் பக்கம் பூ வியாபாரம் செய்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை தினமும் மாறும், முகூர்த்த நாளில் எங்கேயோ போகும். அவருக்கு வெப்சைட் கட்டிக் கொடுப்பது அவர் காசைக் கரைப்பது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டால் போதும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. திருமயம் கோட்டைப் பக்கம் தங்கும் விடுதி வைத்திருப்பவர் கதை வேறு. அறைப் படங்கள், வாடகை, வழி, போன் நம்பர் எல்லாம் வருடத்தில் ஓரிரு முறைதான் மாறும். நாலைந்து பக்கத்தில் எளிய தளம் அவருக்குப் போதும். இழுத்துப் போட்டுக் கட்டும் விக்ஸ், சோஹோ சைட்ஸ் போன்ற கருவிகளில் வீட்டிலிருக்கும் ஒருவரே செய்துவிடலாம்.

முந்திரிக் கடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். முழுப் பருப்பு, இரண்டாகப் பிளந்தது, குருணை என்று மூன்று தரம். ஒவ்வொன்றிலும் கால், அரை, ஒரு கிலோ. ஆக ஒன்பது சரக்கு. சீசனைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் வரும்வரை கார்ட், லாகின், கூப்பன் எதுவும் வேண்டாம். ஒரே பக்கத்தில் படமும் விலையும் போட்டு, கீழே வாட்ஸ்அப் பொத்தான் வையுங்கள். எந்தச் சரக்கு தீர்ந்தது, யார் பணம் அனுப்பினார், யாருக்குப் பார்சல் போகவில்லை என்று நோட்டில் எழுதிக் கட்டுப்படியாகாத நாள் வரும். கார்ட் வைக்க வேண்டிய நேரம் அது.

அந்தக் கட்டத்தில் வேர்ட்பிரஸ்ஸும் ஷாப்பிஃபையும் எதிரெதிரே வரும். வேர்ட்பிரஸ் 2003இல் வந்த திறமூல மென்பொருள்; உலகத்து வெப்சைட்களில் பத்துக்கு நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதனால் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ வேலை தெரிந்த ஆள் கிடைப்பார், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். அதில் வூகாமர்ஸ் சேர்த்தால் கடை தயார். மென்பொருளுக்குக் காசு இல்லை, ஹோஸ்டிங்குக்கு உண்டு. ஆனால் பிளகின்களை விடாமல் அப்டேட் செய்ய வேண்டும். ஹேக் ஆகும் வேர்ட்பிரஸ் தளங்களில் பெரும்பாலானவை பழைய பிளகின் வழியாகத்தான் மாட்டுகின்றன. அந்த அப்டேட் பொத்தானை அழுத்த ஒரு ஆள் இல்லையென்றால் வேர்ட்பிரஸ் பக்கம் போகாதீர்கள். மாதக் கட்டணம் கட்டி ஷாப்பிஃபை மாதிரி ஒரு சேவையில் இருங்கள். பாதுகாப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் சட்டியைப் பார்க்கலாம். முதலிலிருந்து நிரல் எழுதித் தனியாகச் செய்து தருகிறேன் என்பவரிடம், ஒன்பது சரக்கு விற்க அது எதற்கு என்று கேளுங்கள். எழுதியவர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டால், அந்த நிரலைத் தொட்டுப் பார்க்கவே அடுத்தவர் தயங்குவார்.

எதில் கட்டினாலும் சரி, டொமைன் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். டாட் இன் பெயருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும். இதை டிசைனர் பெயரில் விட்டுவிட்டு, பின்னால் அவர் போனை எடுக்கவில்லை என்று அலைகிறவர்கள் ஏராளம். கூகுள் பிசினஸ் கணக்கிலேயே இலவச வெப்சைட் கட்டும் வசதி இருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். சொந்த மனையில் கொட்டகை போட்டாலும் நாளைக்கு மாடி எழுப்பலாம்.

பணம் வாங்கும் கணக்கையும் முன்னாலேயே போடுங்கள். கடை வாசலில் ஒட்டியிருக்கும் யுபிஐ கியூஆருக்குப் பிடித்தம் இல்லை. வெப்சைட்டில் பேமென்ட் கேட்வே வைத்தால் பொதுவாக 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் ஆர்டரில் 23 ரூபாய் 60 காசு போய்விடும். கூரியர் செலவையும் சேர்த்த பிறகுதான் விலை போட வேண்டும். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணைத் தளத்தில் தெரியும்படி போடுங்கள்.

தமிழ் எழுத்து விஷயத்தில் இந்த ஊர்ப்பக்கம் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள், அல்லது அதைப் படமாக்கிப் போடுகிறார்கள். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. உங்கள் தளத்திலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரும் சரக்குப் பெயரும் ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும். சிங்கப்பூரிலிருந்து அறந்தாங்கியில் இருக்கும் அம்மாவுக்கு ஆர்டர் போடுகிற மகன் அப்படித்தான் தேடுவார்.

படம் நீங்களே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பளபள முந்திரி எல்லாக் கடையிலும் இருக்கிறது. கருகிய ஓடும் அதைத் தட்டுகிற கையும் ஆதனக்கோட்டையில்தான் இருக்கின்றன. போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். அதை 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள்.

வேலை முடிந்து மீதிப் பணம் கொடுக்கும் முன் டொமைன் லாகின், ஹோஸ்டிங் லாகின், தளத்தின் முழு பேக்கப் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிசைனரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழுப் பருப்பு கால் கிலோவின் விலையை வீட்டில் வியாபாரத்தைப் பார்க்கிறவர் கையாலேயே, அவருடைய போனிலேயே மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடிந்தால் பணத்தைக் கொடுங்கள்.